பள்ளிவாசலில் என்ன பேசுகிறார்கள்?

மாத்தளைப் பகுதியில் வாழ்வோருக்குப் பல சமயங்களின் ஓசையும் புதிதன்று. ஸ்ரீ முத்துமாரியம்மன் ஆலயத்து மாசி மகத் திருவிழாவில் ஐந்து தேர்கள் வீதிவலம் வரும்போது எழும் மேளவொலி, போயா இரவில் விகாரையிலிருந்து கேட்கும் பிரித் ஓதல், வெள்ளிக்கிழமை நண்பகலில் எழும் பாங்கொலி ஆகிய யாவும் ஒரே மலைக்காற்றிற் கலந்து நம் செவிக்கு வருகின்றன. ஓசை பழகிவிட்டது, பொருள்தான் பழகவில்லை. தேரைக் கண்டு வினவும் முஸ்லிம் பிள்ளைக்கும், குத்பாவைக் கேட்டு வினவும் இந்துப் பிள்ளைக்கும் பெரியோர் கொடுக்கும் விடை பெரும்பாலும் ஒன்றே: "அது அவர்களுடைய வழக்கம்."

அவ்விடை போதாது என்பதை 2019ஆம் ஆண்டு நம் எல்லோர்க்கும் உணர்த்திற்று. அவ்வாண்டு ஏப்ரல் 21ஆந் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்து இருநூற்றைம்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அடுத்த மாதத்தில், முஸ்லிம் சமய விவகாரங்களுக்குப் பொறுப்பான அமைச்சு, பள்ளிவாசல்களில் நிகழ்த்தப்பெறும் உரைகளின் பிரதிகளைச் சமர்ப்பிக்குமாறு நம்பிக்கையாளர் சபைகளைக் கேட்டது. நூற்றாண்டுகளாக நம் அயலிலே பேசப்பட்டு வந்ததொன்று, ஒரே கிழமையில் நாடு முழுவதும் அறிய விரும்பிய மறைபொருள் போலாயிற்று. இதில் வியப்பு யாதெனில், இலங்கையின் பெரும்பாலான பள்ளிவாசல்களில் அவ்வுரை தமிழிலேயே நிகழ்கிறது என்பதே. அரசாங்கம் பிரதி கேட்பதற்கு முன்பே, வேலிக்கு இப்பாலிருந்த நாம் கேட்டிருந்தால் நமக்கு விளங்கியிருக்கும். கேட்கவில்லை. ஆதலின் இவ்வாரம், அயலவரும் மாணவரும் அடிக்கடி எழுப்பும் வினாக்கள் சிலவற்றை எடுத்துக்கொள்கிறோம்.

குத்பா என்பது யாது என்பது முதல் வினா. நண்பகலில் நாள்தோறும் தொழப்படும் ழுஹர் தொழுகைக்கு நான்கு ரக்அத்துகள். வெள்ளிக்கிழமையில் அதற்குப் பதிலாக இரண்டே ரக்அத்துகளைக் கொண்ட ஜும்ஆத் தொழுகை நடைபெறும்; அதற்கு முன்பாக இரண்டு உரைகள் நிகழும். அவ்வுரைகளே குத்பா, நிகழ்த்துபவர் கதீப், அவர் ஏறி நிற்கும் படிமேடை மிம்பர். முதலுரை முடிந்ததும் கதீப் சற்றே அமர்ந்து, மீண்டும் எழுந்து இரண்டாவது உரையைத் தொடங்குவார். களைப்பினால் அமர்கிறார் என்று எண்ணும் பிள்ளைகள் உண்டு. இரண்டு உரைகளையும் வேறுபடுத்திக் காட்டும் அவ்வமர்வு நபிகள் நாயகம் அவர்களின் வழக்கத்தைப் பின்பற்றியது. மதீனாவில் அவர்கள் முதலிற் பேரீச்சமரத் தண்டு ஒன்றின் மீது சாய்ந்து நின்று உரையாற்றினார்கள் என்றும், பின்னர் ஒரு பெண்மணியின் தச்சுவேலை தெரிந்த ஊழியர் மூன்று படிகள் கொண்ட மரமேடையைச் செய்து கொடுத்தார் என்றும் நபிமொழித் தொகுப்புகள் கூறுகின்றன. இன்று பெரிய பள்ளிவாசல்களிலே பளிங்கிலும் தேக்கிலும் காணும் மிம்பர்களெல்லாம் அந்தத் தச்சருடைய வேலைக்குப் பேரப்பிள்ளைகள். கதீப் கையிற் கோல் ஊன்றி நிற்பதும் அக்காலத்து வழக்கமே. நபிகள் நாயகம் கோலையோ வில்லையோ ஊன்றி நின்றதாக அறிவிப்பு உண்டு.

உரை நிகழும்போது பள்ளிவாசலில் ஒரு சிறு குரலும் எழாது. பேசும் தோழனை நோக்கி "சும்மா இரு" என்று அதட்டுவதுங்கூடக் குற்றமாகும் என்பது நபிமொழி. நம் பாடசாலை மண்டபங்களிலே பேச்சாளரை விட, "பேசாதே" என்று கத்தும் மாணவ தலைவரின் குரல் ஓங்கி நிற்பதைக் கண்டவர்கள் இவ்விதியின் அருமையை உணர்வார்கள்.

இனி, எல்லாவற்றிலும் பெரிய வினாவுக்கு வருவோம். குத்பா எந்த மொழியில் இருத்தல் வேண்டும்? சில இடங்களில் முழுவதும் அரபு, சில இடங்களில் அரபும் தமிழும், வேறு சில இடங்களில் சிங்களமும் கேட்கிறதே, அஃதேன்?

இலங்கை முஸ்லிம்களிற் பெரும்பாலோர் ஷாபிஈ மத்ஹபைப் பின்பற்றுவோர். அம்முறைப்படி குத்பாவுக்கு ஐந்து உறுப்புகள் இன்றியமையாதன. இறைவனைப் புகழ்தல், நபிகள் மீது ஸலவாத்துச் சொல்லுதல், இறையச்சத்தைக் கொண்டு உபதேசித்தல் ஆகிய மூன்றும் இரண்டு உரைகளிலும் வரவேண்டும். குர்ஆன் வசனம் ஒன்று ஏதேனும் ஓர் உரையில் வரவேண்டும். விசுவாசிகளுக்காகச் செய்யும் பிரார்த்தனை இரண்டாவது உரையில் இடம்பெற வேண்டும். இவ்வைந்தும் அரபு மொழியில் அமைதல் வேண்டும் என்பதே அம்மத்ஹபின் நிலைத்த கருத்து. ஆயின் இவற்றைச் சொல்லி முடிக்கச் சில நிமிடங்களே போதும். எஞ்சிய நேரத்து உபதேசத்தை மக்கள் அறிந்த மொழியிற் செய்வதற்குத் தடையில்லை என்று கொண்டே நம் பள்ளிவாசல்களிற் பலவற்றில் அரபு உறுப்புகளுக்கிடையே தமிழ் உரை நிகழ்கிறது. கதீப் அரபில் தொடங்கி, தமிழுக்கு மாறி, முடிவிலே மீண்டும் அரபுக்கு வருவதன் காரணம் இதுவே.

முற்காலத்தில் இங்ஙனமன்று. பழைய கதீப்மார் குத்பாக் கிதாபைக் கையில் ஏந்தி அரபிலேயே வாசித்து முடிப்பது பல இடங்களில் வழக்கமாயிருந்தது. 984ஆம் ஆண்டிற் காலமான இப்னு நுபாத்தா என்னும் சிரியா நாட்டுச் சொல்வல்லார், எதுகை நயம் பொருந்திய அரபு உரைகளை இயற்றிப் புகழ்பெற்றார். அவர் பெயரால் வழங்கும் குத்பாத் தொகுப்பு மலையாளக் கரையிலே பல தலைமுறைகளாக ஓதப்பட்டது. அலெப்போவில் ஒரு மன்னரின் அவையில் ஒலித்த சொற்கள், கடல் தாண்டி, ஆயிரம் ஆண்டு தாண்டி, அரபு அறியாத மீனவரும் வணிகரும் தலைகுனிந்து கேட்கும் சொற்களாயின. பொருள் விளங்காவிடினும் அவர்கள் உருகினார்கள் என்பதை நாம் ஏளனம் செய்யமாட்டோம். நமது ஆலயங்களில் வடமொழி மந்திரம் கேட்டு உருகுவோர் எத்தனை பேர் அதன் பொருளை அறிவர்?

மாத்தளையில் இருந்துகொண்டு இவ்வினாவைச் சிந்திப்பதில் ஒரு பொருத்தமும் உண்டு. நகருக்கு அணித்தே உள்ள அலுவிகாரையில்தான், கிறிஸ்துவுக்கு முந்திய முதலாம் நூற்றாண்டில், அதுவரை வாய்மொழியாகவே காக்கப்பட்டு வந்த திரிபிடகம் ஏட்டில் எழுதப்பட்டது என்பது மரபு. எழுதப்பட்ட மொழி பாளி. அன்று முதல் இன்று வரை பௌத்த துறவியர் பாளியிற் பிரித் ஓதுவர். 'பண' எனப்படும் தரும போதனையைச் சிங்களத்திற் செய்வர். மூலத்தை ஒரு மொழியிற் காத்து, விளக்கத்தை மற்றொரு மொழியிற் கொடுக்கும் இந்த ஏற்பாடும் பள்ளிவாசலில் நடப்பதும் அமைப்பில் ஒன்றே. ரோமன் கத்தோலிக்கர் பூசையை இலத்தீனிலிருந்து ஊர் மொழிகளுக்குக் கொணர, 1963ஆம் ஆண்டில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வழிதிறந்தது. அவ்வேளையில் தாய்மொழியைக் கேட்டு மகிழ்ந்தோரும் இருந்தனர். பழைய இலத்தீன் போயிற்றே என்று வருந்தினோரும் இருந்தனர்.

இஸ்லாமிய உலகிலும் இவ்வழக்கு எளிதில் முடிந்ததன்று. துருக்கியிலே 1920களில் குத்பாவின் உபதேசப் பகுதி துருக்கி மொழிக்கு மாற்றப்பட்டது. மக்கள் அதனை ஏற்றுக்கொண்டனர். ஆனால் 1932இற் பாங்கையும் துருக்கி மொழியிற் சொல்லவேண்டுமென்று அரசு கட்டளையிட்டபோது உள்ளங்கள் புண்பட்டன. 1950இல் அக்கட்டளை நீங்கியதும் அரபுப் பாங்கு திரும்பியது. உபதேசம் ஊர்மொழியில் வரலாம், அழைப்பு மட்டும் மாறலாகாது என்று அம்மக்கள் தாமே ஓர் எல்லை வகுத்துக்கொண்டனர் போலும்! கேரளத்திலோ, மலையாளக் குத்பாவும் அரபுக் குத்பாவும் இரு பிரிவினரை அடையாளங் காட்டும் கொடிகளாகவே ஆகிவிட்டன. தமிழ்நாட்டின் ஹனபிப் பள்ளிவாசல்களில் இன்னொரு வழி கண்டனர். முதலிலே தமிழிற் பயான். அதன் பின்னர் அரபிற் சுருக்கமாகக் குத்பா. அரபு அல்லாத மொழியிலும் குத்பா செல்லும் என்று முதன்முதற் கருதியவர் இமாம் அபூ ஹனீபா அவர்களே என்பதும், அவரைப் பின்பற்றும் இந்தியத் துணைக்கண்டத்து அறிஞர்களே அரபை விடாது பற்றி நிற்கின்றனர் என்பதும் மாணவர்கள் நினைவில் வைத்தற்குரிய ஒரு விநோதம்.

எமது கருத்தையும் கூறிவிடுகிறோம். மாத்தளை, உக்குவளை, கலேவளை போன்ற இடங்களில் முஸ்லிம் பிள்ளைகள் சிலர் இப்போது சிங்கள மொழியிற் கல்வி பயில்கின்றனர். வீட்டிலே தமிழ் பேசினும், மிம்பரில் ஒலிக்கும் செந்தமிழ்ச் சொற்கள் அவர்களுக்கு எட்டாமற் போதல் கூடும். சிங்களத்தில் ஒரு சுருக்கம் சேர்ப்பின், அப்பிள்ளைகளுக்கும் விளங்கும். வீதியிற் செல்லும் சிங்கள அயலவருக்கும் விளங்கும். 2019இல் அரசாங்கத்துக்குப் பிரதியாகச் சென்றது, அயலாருக்கு நேரே செவிவழிச் செல்லுமாயின் அதுவே மேல். இதனால் தமிழ் தேயும் என்று அஞ்சுவோர் உளர். அவ்வச்சம் பொருளற்றதன்று. எனினும் தமிழைக் காப்பது வீட்டின் கடமையும் பாடசாலையின் கடமையுமேயன்றி, கேட்பவருக்கு விளங்காமற் பேசும் கதீபின் கடமையன்று.

நீண்ட உரையைப் பற்றிய முறைப்பாடு ஒன்றும் அடிக்கடி செவியில் விழுகிறது. கந்தோருக்குத் திரும்பவேண்டியவர், கடையைத் திறக்கவேண்டியவர் ஆகியோரின் முறைப்பாடு அது. தொழுகையை நீட்டி உரையைச் சுருக்குவது ஒருவனுடைய விளக்கத்துக்கு அடையாளம் என்று நபிமொழி உண்டு. இதை நாம் சொல்லவில்லை, கதீப்மாரே அறிவார்கள்.

நிற்க. பெருநாட் குத்பாவுக்கு வருவோம். வெள்ளிக்கிழமையில் உரை முன்னும் தொழுகை பின்னுமாயிருக்க, நோன்புப் பெருநாளிலும் ஹஜ்ஜுப் பெருநாளிலும் தொழுகை முன்னும் உரை பின்னுமாக மாறுவதேன் என்று கூர்மையாகக் கவனித்த மாணவர் கேட்பதுண்டு. ஜும்ஆவுக்குக் குத்பா நிபந்தனை. அஃதின்றி ஜும்ஆ நிறைவேறாது. பெருநாள் தொழுகைக்கோ அது ஸுன்னத்து மட்டுமே. இருந்து கேட்பது சிறப்பு, எழுந்து செல்வோரின் தொழுகைக்குக் குறைவில்லை. இவ்வேறுபாட்டினால் வரலாற்றில் ஒரு சச்சரவும் விளைந்தது. மதீனாவின் ஆளுநராயிருந்த மர்வான் என்பவர், தொழுகை முடிந்ததும் மக்கள் தம் உரையைக் கேளாது கலைந்து விடுகின்றனர் என்பதற்காக, பெருநாளில் உரையை முன்னுக்கு மாற்ற முனைந்தார். நபித்தோழராகிய அபூ ஸஈத் அல்குத்ரி அவர்கள் அவருடைய ஆடையைப் பற்றியிழுத்துத் தடுத்தார். ஆளுநர் உதறிவிட்டு மேடை ஏறினார். எனினும் வென்றது ஆளுநரல்லர். இன்றும் உலகெங்கும் தொழுகைக்குப் பின்னரே பெருநாள் உரை நிகழ்கிறது. தம் பேச்சைக் கேட்காமல் மக்கள் எழுந்து போனால், மக்களைக் கட்டிப்போட வழி தேடும் பேச்சாளர் எக்காலத்தும் உளர்!

2020ஆம் ஆண்டு மே மாதத்தில் நோன்புப் பெருநாள் வந்தபோது கொரோனாவினால் நாடெங்கும் ஊரடங்கு. வீட்டிலேயே குடும்பத்தோடு பெருநாள் தொழுதவர்கள் பலர். குத்பா இல்லாமல் அது எவ்வாறு செல்லுமென்று அயலவர் வியந்தனர். மேற்சொன்ன வேறுபாடே அதற்கு விடை. அதே காலத்தில் வெள்ளிக்கிழமைகளில் அவர்கள் வீட்டில் ஜும்ஆ தொழவில்லை. நான்கு ரக்அத்து ழுஹர் தொழுதனர். ஷாபிஈ முறைப்படி ஜும்ஆவுக்கு ஊரிற் குடியிருக்கும் ஆண்கள் நாற்பதின்மர் கூடுதல் வேண்டும்.

பெண்கள் பெருநாள் தொழுகைக்குச் செல்வது புதுமையா என்ற வினாவும் உண்டு. கொழும்பு காலிமுகத் திடலிலும், வேறு பல ஊர்களில் பாடசாலை மைதானங்களிலும் ஆண்களோடு பெண்களும் திரளும் பெருநாள் தொழுகையைக் கண்டோர் கேட்பது இது. பழைமைக்கும் பழைமை என்பதே விடை. கன்னிப்பெண்களையும், மாதவிலக்கின் காரணமாகத் தொழ இயலாத பெண்களையுங்கூடத் திடலுக்கு அழைத்துவருமாறு நபிகள் நாயகம் பணித்ததாக உம்மு அதிய்யா என்னும் பெண்மணி அறிவித்துள்ளார். தொழ இயலாதோர் ஒருபுறம் அமர்ந்து பிரார்த்தனையிற் கலந்துகொள்வர். மேலாடை இல்லாதவளுக்கு அவளுடைய தோழி இரவல் கொடுக்கட்டும் என்றும் சொல்லப்பட்டது. ஒரு பெருநாளில் உரை முடிந்ததும் நபிகள் நாயகம் பெண்கள் இருந்த பக்கம் சென்று தருமம் செய்யுமாறு கூறவே, பிலால் அவர்கள் விரித்த துணியில் அவர்கள் தம் காதணிகளையும் மோதிரங்களையும் கழற்றியிட்டனர். நகையைக் கழற்றுமுன் கணவரைக் கேட்டதாக அவ்வறிவிப்பிற் காணோம்.

பெருநாள் ஆண்டுதோறும் நகர்ந்து வருவதேன் என்பது பாடசாலைப் பிள்ளைகளுக்கு மிகவும் வேண்டிய வினா. முஸ்லிம் பாடசாலைகளுக்கு நோன்பு காலத்தில் விடுமுறை கிடைப்பதும், அது ஆண்டுக்காண்டு மாறுவதும் அவர்கள் பார்த்துப் பெருமூச்சு விடும் விடயமல்லவா? சந்திர ஆண்டுக்கு நாட்கள் 354 அல்லது 355. சூரிய ஆண்டை விட ஏறத்தாழப் பதினொரு நாட்கள் குறைவு. இந்துக்களின் சாந்திரமான பஞ்சாங்கத்தில் சில ஆண்டுகளுக்கொருமுறை அதிக மாதம் ஒன்றைச் சேர்த்துப் பண்டிகைகளைப் பருவத்தோடு பிணைத்துவிடுவர். பண்டை அரபிகளும் அவ்வாறு செய்ததுண்டு. குர்ஆன் அதனை விலக்கியது. ஆகவே முப்பத்துமூன்று ஆண்டுகளுக்குள் நோன்பு மாதம் எல்லாப் பருவத்தையும் சுற்றி வந்துவிடும். 2030ஆம் ஆண்டில் ரமழான் ஜனவரியில் ஒருமுறையும் டிசெம்பர் இறுதியில் மறுமுறையுமாக இருதடவை தொடங்கும்.

மாத முடிவைப் பிறை காட்டவேண்டும். இருபத்தொன்பதாம் நாள் மாலையில் நாட்டில் எங்கேனும் பிறை கண்ட செய்தி உறுதியானால் மறுநாள் புதுமாதம். இன்றேல் முப்பதாம் நாளைப் பூர்த்தி செய்வர். கொழும்புப் பெரிய பள்ளிவாசலிலே, அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமாவும் முஸ்லிம் சமய பண்பாட்டலுவல்கள் திணைக்களமும் கூடி முடிவை அறிவிக்கும். மலையும் மூடுபனியும் சூழ்ந்த மாத்தளையில் பிறை எட்டிப் பார்ப்பதை நம்பியிருக்க இயலாது. ஆதலின் இங்குள்ளோர் வானத்தை விட வானொலியையே அதிகம் நோக்கியிருந்தனர்.

சந்திரனைப் பற்றிய இப்பேச்சில் மாத்தளைக்காரர் கவனிக்கவேண்டிய ஒன்று எஞ்சியுள்ளது. ஹஜ்ஜுப் பெருநாள் துல்ஹஜ் பத்தாம் நாள். குர்பான் கொடுப்பதற்கு அன்றும் அடுத்த மூன்று நாட்களும் உரியன. பிறையிலிருந்து எண்ணப்படும் மாதத்தின் பதின்மூன்று, பதினான்காம் நாளளவில் முழுமதி வந்துவிடும், முழுமதியென்றால் போயா, போயாவென்றால் நாடெங்கும் இறைச்சிக் கடையும் கொல்களமும் மூடியிருக்கும். 2022இல் ஹஜ்ஜுப் பெருநாள் ஜூலை 10, எசல போயா ஜூலை 13. 2025இல் பெருநாள் ஜூன் 7, பொசன் போயா ஜூன் 10. இரு தடவையும் குர்பானின் கடைசி நாளும் போயாவும் ஒன்றாயின. குர்பானுக்கு நான்கு நாள் இருப்பதே வசதிக்காகத்தான். முதல் மூன்று நாட்களுக்குள் முடித்துக்கொண்டால் மார்க்கத்தில் யாதொரு குறையும் வாராது, அயலவரின் உபோசத நாளும் அமைதியாய்க் கழியும். நாட்காட்டியை முன்கூட்டியே பார்த்து இதனைப் பெருநாளுக்கு முந்திய ஜும்ஆவில் எடுத்துரைக்கும் கதீப், ஐந்து உறுப்புகளையும் நிறைவேற்றிய பின்னர் ஆறாவதாக ஒரு நன்மையும் செய்தவராவார்.

தருமத்தின் வேளையைப் பற்றி மாணவர் குழம்புவதுண்டு. நோன்புப் பெருநாளுக்குரிய பித்ரா தொழுகைக்கு முன்னரே கொடுபடவேண்டும். தலைக்கு ஒரு ஸாஉ, அதாவது ஏறத்தாழ இரண்டரைக் கிலோ அரிசி. ஏழை வீட்டிலும் அன்று உலை கொதிக்கவேண்டும் என்பதே நோக்கம். குர்பானோ தொழுகைக்குப் பின்னரே. முந்தி அறுத்தால் அது வெறும் இறைச்சிதான், குர்பானாகாது.

மாட்டிறைச்சி உண்ணாத இந்து, பௌத்த அயலவருக்கு முஸ்லிம் குடும்பங்கள் இறைச்சிப் பங்கை அனுப்புவதில்லை. அவர்களுக்கு வருவது வட்டிலப்பம். கித்துள் கருப்பட்டி, தேங்காய்ப்பால், முட்டை, ஏலம் ஆகியன சேர்த்து ஆவியில் அவித்த அப்பண்டத்துக்கு நம் மாத்தளைத் தோட்டத்து ஏலமும் சாதிக்காயும் வாசனை கூட்டும். முட்டையும் உண்ணாத சைவ வீட்டார் சங்கடப்படத் தேவையில்லை. முன்னரே ஒரு வார்த்தை சொன்னால் வாழைப்பழமும் தொதலும் வரும். வந்த தட்டை வெறுமனே திருப்புவது நம்மூர் வழக்கமன்று என்பதை இளையவருக்கு மட்டும் நினைவூட்டுகிறோம்.

முஸ்லிம் அல்லாதார் பள்ளிவாசலிற் சென்று உரையைக் கேட்கலாமா என்பது இறுதி வினா. கேட்கலாம். அறிமுகமான ஒருவர் மூலம் நிருவாகத்தாரிடம் முன்னரே சொல்லிவைப்பது மரியாதை. பாதணிகளைக் கழற்றி, பின்வரிசைக்கும் பின்னால் அமைதியாக அமர்ந்திருந்தாற் போதும். தொழுகையில் எழுவதும் குனிவதும் விருந்தினருக்கு வேண்டியதன்று. பெண்கள் செல்வதாயின், பெண்களுக்கு இடவசதி உள்ள பள்ளிவாசலா என்று முதலில் விசாரித்தறிதல் நன்று. குத்பா பிற்பகல் பன்னிரண்டரை மணியளவில் நிகழும்.

கந்தூரி, மீலாத், புர்தா ஓதுதல் ஆகியவற்றைப் பற்றிய வினாக்களுக்கு இடம் போதவில்லை. அவற்றிலே முஸ்லிம்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு மிகுதி. இரு சாராரின் நியாயங்களையும் அடுத்த வாரம் எடுத்துக்கொள்வோம்.